நன்கொடை கொடுத்தும் கணக்கை முடக்கிவிட்டார்கள்: வழக்குப் போடலாமா?

ஈரோடு மாவட்டத்தில் சிறிய அச்சகம் நடத்தும் 46 வயது வாசகர் ஒருவர் ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கம் தருகிறேன்.

கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், பள்ளி ஆண்டு மலர் என்று டிடிபி வேலைதான் (கணினியில் பக்கம் வடிவமைப்பது) பிழைப்பு. வேலைக்கு இரண்டு பேர். நான்கு ஆண்டுகளுக்கு முன் கிராக் செய்த லேஅவுட் மென்பொருளை விட்டுவிட்டு, ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வரும் ஒரு திறமூல மென்பொருளுக்கு (மூல நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) மாறினார். ஆவணி முகூர்த்த நெருக்கடியில் அதன் புதிய பதிப்பை நிறுவினார். அதற்குப் பிறகு எடுத்த பிடிஎஃப்பில் கொ, கோ, மொ, மோ போன்ற எழுத்துகளில் கொம்பு தனியாகப் பிரிந்து, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் விழுந்திருக்கிறது. 800 பத்திரிகை அடித்த பிறகுதான் கண்ணில் பட்டது. வாடிக்கையாளர் வாங்க மறுத்துவிட்டார். நஷ்டம் 14,000 ரூபாய்.

அந்த மென்பொருளின் வழுப் பதிவேட்டில் (பயனர்கள் பிழைகளைப் பதியும் இணையப் பக்கம்) போய், ‘உங்கள் சாஃப்ட்வேரால் எனக்கு நஷ்டம், இரண்டு நாளில் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் சும்மா விட மாட்டேன்’ என்று மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எழுதினார். ஜெர்மனியிலிருந்து ஒரு தன்னார்வலர், ‘என் கணினியில் இந்தப் பிழை வரவில்லை, மாதிரிக் கோப்பை இணையுங்கள்’ என்றார். வாசகர் கோப்பை இணைக்கவில்லை. அதே புகாரை மேலும் மூன்று முறை பதிந்து, ஆறு பேரின் பெயரைக் குறிப்பிட்டு இழுத்தார். அக்கா மகன், பொறியியல் மாணவன், இரண்டு புதுக் கணக்கு தொடங்கி ‘எனக்கும் இதே பிரச்சினை’ என்று ஆதரவாக எழுதினான். இன்னொரு உறுப்பினர் ‘இதைப் பயன்படுத்தச் சொல்லி உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை’ என்றார். கொதித்துப்போன வாசகர், ஜெர்மன்காரர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் முகவரியைத் தேடிப் பிடித்து, அவரைப் பற்றிப் புகார் மின்னஞ்சல் அனுப்பினார். மறுநாள் வாசகரின் கணக்கு 30 நாளுக்கு முடக்கப்பட்டது.

அவருடைய கேள்விகள்: ‘போன வருடம் 2,000 ரூபாய் நன்கொடை கொடுத்தவன் நான். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? கணக்கை முடக்கியதற்கு வக்கீல் நோட்டீஸ் விடலாமா? எல்லாக் குழுக்களிலும் இவர்களை மோசடிக்காரர்கள் என்று எழுதலாம் என்கிறான் அக்கா மகன், செய்யலாமா? பேசாமல் பழைய கிராக் வெர்ஷனுக்கே போய்விடட்டுமா? ஐப்பசி முகூர்த்தங்கள் வருகின்றன.’

அன்புள்ள வாசகருக்கு,

சீசன் நடுவில் 800 பத்திரிகை வீணாவது சின்ன விஷயம் இல்லை. காசை விட, வாடிக்கையாளர் முன்னால் தலைகுனிந்து நின்றதுதான் உங்களை அதிகம் சுட்டிருக்கிறது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஆனாலும் வழக்குக்கு இடமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதோடு, நீங்கள் எதிராளியாக நினைக்கும் ஜெர்மன்காரர்தான் இந்தக் கதையில் உங்களுக்கு உதவ முன்வந்த ஒரே ஆள்.

நுகர்வோர் சட்டம் என்ன சொல்கிறது

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவுப்படி, பொருளையோ சேவையையோ விலை கொடுத்துப் பெறுபவர்தான் நுகர்வோர். 2(42) பிரிவு, கட்டணம் இல்லாமல் செய்யப்படும் சேவையை ‘சேவை’ என்ற சொல்லிலிருந்தே விலக்கிவிடுகிறது. சொந்தப் பிழைப்புக்காகத் தொழில் செய்பவருக்கு அந்தச் சட்டத்தில் சலுகை உண்டு. ‘நான் சிறு தொழில்காரன்’ என்று நீங்கள் எழுதியது அதை நினைத்துத்தான் என்று புரிகிறது. ஆனால் அந்தச் சலுகையும் விலை கொடுத்தவருக்கே.

‘நன்கொடை கொடுத்தேனே’ என்கிறீர்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஒரு வாக்குறுதிக்கு ஈடாக, வாக்குறுதி தருபவர் கேட்டுக்கொண்டதால் கொடுத்ததுதான் மறுபயன், அதாவது சட்டம் விலையாகக் கருதுவது. நீங்கள் கொடுத்தபோது அவர்கள் எதையும் செய்து தருவதாகச் சொல்லவில்லை. கோயில் உண்டியலில் போட்ட காசுக்கு ரசீது காட்டி அர்ச்சனை கேட்க முடியாது அல்லவா, அதே கணக்குதான் இதுவும். தகவலை மறையாக்கி அனுப்ப உலகின் வலைத்தளங்களில் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறமூல மென்பொருளில் 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தது. அதுவரை அந்தத் திட்டத்துக்கு வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான். நன்கொடையை வைத்து வேலை வாங்க முடியும் என்று யாரும் நினைக்காமல் இருப்பது நல்லது.

அடுத்து உரிமம். ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு 1991இல் வந்தது. அதன் 11ஆம் பிரிவு, சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை, பழுது இருந்தால் சரிசெய்யும் செலவு உங்களுடையது என்கிறது. 12ஆம் பிரிவு நஷ்டஈட்டுப் பொறுப்பையும் விலக்குகிறது. இதைப் படித்துவிட்டு ‘காசு கொடுத்து வாங்கியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா’ என்று தோன்றலாம். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களின் ஒப்பந்தத்தையும் ஒருமுறை கடைசிவரை படித்துப் பாருங்கள். அச்சாகிப் போன பத்திரிகைக்கு ஈடு தருவதாகச் சொல்லும் ஒப்பந்தம் கிடைப்பது அரிது.

கடிதம் முழுக்க ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’, ‘இலவச சாஃப்ட்வேர்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். தமிழில் இதற்கு ‘கட்டற்ற மென்பொருள்’ என்று சரியான சொல் இருக்கிறது. எத்தனை கணினியில் வேண்டுமானாலும் நிறுவலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், மூல நிரலைப் பார்க்கலாம், ஆள் வைத்து மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவும் உங்கள் உரிமை. யாரும் பறிக்க முடியாது, உங்களை முடக்கிய அதே ஆட்களாலும் முடியாது. இன்னொருவரின் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

கணக்கு முடக்கத்துக்கும் விடை இதுதான். உரிமம் மென்பொருளைப் பற்றியது. பதிவேடு அவர்கள் நடத்தும் இடம், அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்கு தொடங்கும்போது அதற்குச் சம்மதித்துத்தான் உள்ளே போயிருக்கிறீர்கள். நோட்டீஸ் விடுவதென்றாலும் யாருக்கு விடுவது? பல நாடுகளில் இருக்கும் பலர் எழுதிய நிரல், ஒவ்வொருவருக்கும் அவரவர் எழுதிய பகுதியில் பதிப்புரிமை. நோட்டீஸுக்கு ஆகும் செலவில் உங்கள் நஷ்டத்தில் பாதியை ஈடுகட்டிவிடலாம். வக்கீலான நானே இதைச் சொல்வதால் நம்பலாம்.

உங்களுக்கு ஆபத்து எங்கே இருக்கிறது

வழக்கு என்று வந்தால் அது உங்கள் மேல் வரத்தான் வாய்ப்பு அதிகம். ‘சும்மா விட மாட்டேன்’ என்பது நமக்குக் கோபத்தில் வாயில் வரும் வார்த்தை. டீக்கடையில் தினம் நான்கு முறை கேட்கலாம். மொழிபெயர்ப்புச் செயலி வழியாக முகம் தெரியாத ஒருவரிடம் போய்ச் சேரும்போது அது மிரட்டல். அதற்குப் பிறகு அவர் வேலை செய்யும் இடத்தையும் தேடிக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறீர்கள். அவர் இடத்தில் இருந்து பாருங்கள்: ஓய்வு நேரத்தில் செய்யும் ஒரு வேலைக்காக, எங்கோ இருக்கும் ஒருவர் என் சம்பளத்தில் கை வைக்கப் பார்க்கிறார் என்றுதான் தெரியும்.

‘மோசடிக்காரர்கள்’ என்று எழுதும் யோசனையை அக்கா மகனோடு அங்கேயே நிறுத்திவிடுங்கள். ‘இந்தப் பதிப்பில் எனக்குத் தமிழ் எழுத்து உடைந்தது’ என்று எழுதலாம், அது உங்கள் அனுபவம். மோசடி என்பது குற்றச்சாட்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக்குகிறது. ஜெர்மனியிலோ ஒருவரை அவமதித்துப் பேசுவதே தனிக் குற்றம்.

அந்த இரண்டு புதுக் கணக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் விளையாட்டாகச் செய்திருக்கலாம். ஆனால் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கி மென்பொருளுக்கு நடந்ததைத் திறமூல உலகில் யாரும் மறக்கவில்லை. அதைத் தனியாளாகப் பராமரித்துவந்தவரிடம் 2022இல் சில கணக்குகள் ‘ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் பொறுப்பைக் கொடுங்கள்’ என்று விடாமல் நெருக்கின. தனக்கு நீண்டகாலமாக மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் பதில் சொன்னார். பிறகு, உதவ வந்த ஒருவருக்குப் பொறுப்பில் பங்கு கொடுத்தார். அந்த ‘உதவியாளர்’ 2024இல் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியப் பின்வாசல் (வெளியாள் கணினிக்குள் நுழையும் வழி) வைத்தார். தொலைநிலை உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்து, மார்ச் 29 அன்று அறிவித்திராவிட்டால் அது உலகம் முழுக்கப் பரவியிருக்கும். நெருக்கிய அந்தக் கணக்குகள் போலி என்றே இன்று பரவலாகக் கருதப்படுகிறது. ஆகவே, நேற்று தொடங்கிய இரண்டு கணக்குகள் ஒரே குரலில் அவசரப்படுத்தினால் பராமரிப்பாளர்கள் இப்போது பயப்படுகிறார்கள். உங்கள் முடக்கத்துக்கு உங்கள் கோபத்தைவிட இதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

கிராக் வெர்ஷன் பற்றி இரண்டே வரி. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டுவரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதமும் சொல்கிறது. லாப நோக்கமின்றிப் பயன்படுத்தியவருக்கு நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம், கடை போட்டு நடத்துபவருக்கு அந்த விலக்கு இல்லை.

‘யாரும் கட்டாயப்படுத்தவில்லை’ என்று எழுதியவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சட்டப்படி அவர் சொன்னது சரி, முறைப்படி தப்பு. நஷ்டப்பட்டு வந்து நிற்பவரிடம் பேசுகிற பேச்சில்லை அது. நடத்தை விதி உறுப்பினர்களுக்கும் பொருந்தும். அதே விதிப் பக்கத்தில் புகார் முகவரி கொடுத்திருப்பார்கள், அங்கே எழுத உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் உங்கள் பக்கக் கணக்கை முதலில் தீர்த்துவிட்டு எழுதுங்கள்.

முதலில் இந்த வாரம்

30 நாள் முடியும்வரை புதுக் கணக்கு தொடங்காதீர்கள். முடக்கத்தை ஏய்க்க இன்னொரு கணக்கு என்று தெரிந்தால் 30 நாள் நிரந்தரமாகிவிடும். நடத்தை விதிக் குழுவின் முகவரிக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

‘நான் கோபத்தில் எழுதியது தவறு. அதே புகாரை நான்கு முறை பதிந்தேன். இன்ன இரண்டு கணக்குகளும் என் உறவினர் தொடங்கியவை, அவற்றை நீக்கிவிடுங்கள். உங்கள் உறுப்பினரின் நிறுவனத்துக்கு எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், அந்தப் புகாரைத் திரும்பப் பெற்று அங்கும் எழுதிவிட்டேன். முடக்கம் முடிந்தபின் மாதிரிக் கோப்புடன் ஒரே அறிக்கையாகப் பதிகிறேன்.’

இதில் ‘ஆனால்’ என்ற சொல் எங்கும் வரக் கூடாது. 14,000 ரூபாயும் வரக் கூடாது. நிறுவனத்துக்கு இரண்டு வரி போதும்: முன்பு அனுப்பியதைப் பொருட்படுத்த வேண்டாம், அது உங்கள் பணிக்குச் சம்பந்தமில்லாத விஷயம். ஜெர்மன்காரரின் தனிப்பட்ட முகவரிக்கு மன்னிப்புக் கடிதம்கூட அனுப்பாதீர்கள். அந்த வாசலில் மறுபடி நிற்காமல் இருப்பதே அங்கே மரியாதை.

பிழை யாருடையது என்று பார்த்தீர்களா

உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி: ‘சில பத்திரிகையில் சரியாக வருகிறது, பழைய மாதிரிக் கோப்பிலிருந்து எடுத்தால்தான் உடைகிறது.’ வழக்கின் திறவுகோல் இந்த வரிதான். இதைப் பதிவேட்டில் நீங்கள் எழுதவே இல்லை.

யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ‘கொ’ என்பது ககரத்துக்குப் பிறகு ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்பட வேண்டும். கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது எழுத்தை வரையும் நிரலின் வேலை. இந்த வேலையைச் செய்யத் தெரியாத பழைய மென்பொருள்களில், கண்ணுக்குச் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கொம்பை முதலில், ககரத்தை அடுத்து, காலைக் கடைசியில் தட்டும் பழக்கம் டிடிபிக்காரர்களிடம் இருந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலும் அதே வரிசைதான். அவற்றிலிருந்து அரைகுறை மாற்றியில் மாற்றிய உரையிலும் அந்த வரிசை அப்படியே தங்கிவிடும். ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வரைவு நிரலகத்தோடு வரும் புதிய பதிப்பு, முன்னால் எழுத்தே இல்லாமல் தனியாக நிற்கும் கொம்பைப் பார்த்ததும் ‘இது அநாதை’ என்று புள்ளி வட்டம் போடும். அப்படியென்றால் புதிய பதிப்பு செய்வது சரி. உங்கள் கோப்பு நான்கு ஆண்டாகத் தப்பாகவே இருந்து, பழைய பதிப்புக்கு மட்டும் சரியாகத் தெரிந்திருக்கிறது. ‘என் கணினியில் வரவில்லை’ என்று அந்த மனிதர் சொன்னதும் பொய்யில்லை.

இது என் ஊகம்தான். சோதிக்க ஐந்து நிமிடம் போதும். உடைந்த ஒரு சொல்லை, ‘கொடுமுடி’ என்று வைத்துக்கொள்வோம், நகலெடுத்து விண்டோஸின் நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கேயும் புள்ளி வட்டம் வந்தால் உரையில்தான் கோளாறு. நோட்பேடில் சரியாக இருந்து பிடிஎஃப்பில் மட்டும் உடைந்தால் மென்பொருளையோ எழுத்துருவையோ சந்தேகப்படலாம். அடுத்து அதே சொல்லுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள், சரியாகிவிட்டால் உங்கள் எழுத்துருவில்தான் குறை. பிறகு எழுத்து இடைவெளியைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள். எழுத்துகளை விலக்கி வைக்கும் அமைப்பு குறிகளையும் சேர்த்துப் பிரித்துவிடுவது பல மென்பொருள்களில் உண்டு. ‘கௌ’ உடைந்தால், ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

உரைதான் காரணம் என்றால் பதிவேட்டுக்கே போக வேண்டாம். மாதிரிக் கோப்புகளைச் சரியான வரிசையில் மறுபடி தட்டுவதோடு வேலை முடிந்தது.

மென்பொருள்தான் காரணம் என்றால்

ஒரே அறிக்கை, ஒரே பிழை. பதிவதற்கு முன் பதிவேட்டில் தேடுங்கள், மூடப்பட்டவற்றையும் சேர்த்து. ஏற்கெனவே யாராவது பதிந்திருந்தால் ‘எனக்கும்தான்’ என்று எழுதாமல் கட்டைவிரல் குறியை மட்டும் அழுத்துங்கள். ஒவ்வொரு ‘எனக்கும்தான்’ வரிக்கும் அதைப் பின்தொடரும் அத்தனை பேருக்கும் மின்னஞ்சல் போகும். அறிக்கையில் இருக்க வேண்டியவை:

1. மென்பொருளின் முழுப் பதிப்பு எண், விண்டோஸ் எத்தனை, மென்பொருளை எங்கிருந்து பதிவிறக்கினீர்கள். ‘லேட்டஸ்ட்’ என்று எழுதாதீர்கள், அடுத்த மாதம் அது வேறொன்று.

2. ஒரு பக்கம், ஒரு பெட்டி, ஒரு சொல் மட்டும் உள்ள புதுக் கோப்பு. முழுப் பத்திரிகையை இணைக்கவே கூடாது. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாம் பொதுவெளிக்குப் போய்விடும், பிறகு அழித்தாலும் மின்னஞ்சல் நகல்களில் தங்கிவிடும்.

3. கோப்பில் நோட்டோ, லோகித் போன்ற கட்டற்ற எழுத்துருவே இருக்கட்டும். விலைக்கு வாங்கிய எழுத்துருக் கோப்பைப் பதிவேட்டில் ஏற்றுவது அதன் உரிமத்தை மீறுவது, வாங்காத எழுத்துரு என்றால் சொல்லவே வேண்டாம்.

4. செய்த படிகள், எண் போட்டு. கோப்பைத் திற, ஏற்றுமதியை அழுத்து, இந்த அமைப்பைத் தேர்ந்தெடு என்ற அளவுக்கு.

5. வந்த படம், வர வேண்டிய படம், இரண்டும் பக்கம் பக்கமாக. பார்ப்பவருக்குத் தமிழ் தெரியாது, உடைந்த ‘கொ’வும் சரியான ‘கொ’வும் அவர் கண்ணுக்குக் கோலம்தான். தவறான இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, ‘இந்தத் துண்டு எழுத்துக்கு இடப்பக்கம் ஒட்டி வர வேண்டும், புள்ளி வட்டம் வரவே கூடாது’ என்று எழுதுங்கள்.

6. எந்தப் பதிப்புவரை சரியாக வந்தது. இந்த ஒரு தகவல் கிடைத்தால் இரண்டு பதிப்புகளுக்கும் நடுவில் நடந்த மாற்றங்களில் மட்டும் தேடலாம். பல நாள் வேலை ஒரு மாலையில் முடிந்துவிடும்.

மொழிபெயர்ப்புச் செயலியில் போடுவதற்கு முன் தமிழை எளிமையாக்கிக்கொள்ளுங்கள். ஏழெட்டுச் சொல்லில் ஒரு வாக்கியம், பழமொழி வேண்டாம். ‘தாங்கள் ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்ற நம் மனு நடையும் வேண்டாம், அதைத் தாலுகா அலுவலகத்துக்கு வைத்துக்கொள்வோம். ‘அவசரம்’ என்று எழுதுவதால் எதுவும் விரைவதில்லை. மேல்விவரம் கேட்டால் இரண்டு மூன்று நாளில் பதில் சொல்லிவிடுங்கள். பதில் வராத அறிக்கைகளைச் சில திட்டங்களில் தானாகவே மூடிவிடுவார்கள். மறுபக்கம் அமைதியாக இருந்தால் மூன்று வாரம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டலாம். அதிலும் ‘அடுத்த பதிப்பிலும் சோதித்தேன், இன்னும் இருக்கிறது’ என்பதுபோல் புதிதாக ஒரு தகவல் இருக்கட்டும். ‘இது எங்கள் பிழையில்லை, நிரலகத்தின் பிழை’ என்று பதில் வந்தால் தட்டிக்கழிப்பதாக நினைக்காதீர்கள். எழுத்தை வரையும் பகுதி பெரும்பாலும் வேறொரு திட்டம், அதே கோப்பை அங்கே பதிய வேண்டியதுதான்.

காத்திருக்க முடியாதென்றால்

காசு கொடுத்துச் செய்துகொள்ளும் வழியை ஜிபிஎல்லே திறந்து வைத்திருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு உத்தரவாதம் தரலாம் என்று அதன் முதல் பிரிவிலேயே இருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கும் இதே பதில்தான். 2022 ஜனவரியில் ஒரு பெரிய நிறுவனம், லாக்4ஜே என்ற திறமூல மென்பொருளில் தெரியவந்த பாதுகாப்பு ஓட்டை தொடர்பான கேள்விகளுக்கு 24 மணி நேரத்தில் பதில் கேட்டு, கர்ல் என்ற வேறொரு திறமூல மென்பொருளை எழுதிய டேனியல் ஸ்டென்பர்குக்கு மின்னஞ்சல் அனுப்பியது. ஆதரவு ஒப்பந்தம் போட்டால் மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன் என்றார் அவர்.

‘கட்டணத்துக்கு இந்தப் பிழையைத் திருத்தித் தர யாராவது இருக்கிறீர்களா’ என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. எங்கே கேட்கலாம் என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் எந்தப் பிழை, எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பு சரியாக வந்தால் வேலை முடிந்ததாகக் கொள்வது, முன்பணம் எவ்வளவு, திருத்தத்தை மூலத் திட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது எல்லாம் இருக்கட்டும். அனுப்புவதற்குத்தான் காசு கொடுக்கிறீர்கள், ஏற்பதும் மறுப்பதும் பராமரிப்பாளரின் முடிவு. அதை நிபந்தனையாக்கி எழுதினால் நேர்மையான நிரலாளர் கையெழுத்துப் போட மாட்டார். ஆள் வெளிநாட்டில் இருந்தால் பணம் அனுப்பும் முன் வரிப் பிடித்தம் பற்றி உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். உங்கள் வட்டாரத்தில் இதே மென்பொருளைப் பயன்படுத்தும் அச்சகங்கள் பத்து இருந்தால், ஆளுக்கு 3,000 போட்டாலே 30,000 ஆகிவிடும். தனியாகத் தாங்க வேண்டியதில்லை.

ஐப்பசிக்குள் வேலை ஓட

பழைய பதிப்பைத் தனி ஃபோல்டரில் மறுபடி நிறுவுங்கள். திட்டங்களின் தளத்தில் பழைய பதிப்புகளும் பெரும்பாலும் கிடைக்கும். புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழையதில் திறக்காமல் போகலாம், அதனால் மாதிரிக் கோப்புகளை முதலில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதியதில்தான் செய்தாக வேண்டும் என்றால், திரையில் எழுத்து சரியாகத் தெரியும் கோப்புகளில் தலைப்பையும் பெயர்களையும் அவுட்லைனாக மாற்றிவிட்டு பிடிஎஃப் எடுக்கலாம். மாற்றியபின் எழுத்தைத் திருத்த முடியாது, அசல் கோப்பு தனியாக இருக்கட்டும். பிடிஎஃப்பை 400 சதவீதம் பெரிதாக்கி ஒகர, ஓகார எழுத்துகளை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரு படி அடித்து, வாடிக்கையாளரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கிய பிறகே மீதியை அடியுங்கள். நடந்த 14,000 ரூபாயில் நான் உங்களைக் குறை சொல்லும் ஒரே இடம் இதுதான். அந்தக் கையெழுத்து இருந்திருந்தால் வாடிக்கையாளர் முழுத் தொகையையும் மறுத்திருக்க முடியாது.

புதிய பதிப்பு நிறுவுவதை ஆடிக்கும் மார்கழிக்கும் ஒதுக்கிவிடுங்கள். முகூர்த்தம் இல்லாத மாதங்கள், மெஷினும் சும்மா இருக்கும். அறுதிப் பதிப்பு வருவதற்குச் சில வாரம் முன் பல திட்டங்கள் சோதனைப் பதிப்பை வெளியிடுகின்றன. வரும் மார்கழியில் அப்படி ஒன்று கிடைத்தால், உங்கள் மாதிரிக் கோப்புகளில் ஐந்தைப் பெயர்களை மாற்றிவிட்டு அதில் ஓட்டிப் பாருங்கள். பிழை இருந்தால் மேலே சொன்ன ஆறு விவரங்களோடு பதியுங்கள், சரியாக வந்தால் ‘தமிழில் சோதித்தேன், சரியாக இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதுங்கள். தமிழ் படிக்கத் தெரிந்த சோதனையாளர் அங்கே அநேகமாக இல்லை. உங்கள் 2,000 ரூபாயை விட அவர்களுக்கு அதிகம் உதவுவது அந்த ஒரு வரிதான். தை முகூர்த்தத்துக்கு எந்தப் பதிப்பில் வேலை செய்யலாம் என்பதும் அதற்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும்.